ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் பிரிவுத் தலைவர் கேட்டார். ஓய்வு பெற்று மைசூர் மண்டி மொஹல்லாவில் ஸ்கூட்டர் ஹாரன்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன், நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாடம் நடத்துகிற பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை, அது பழைய ஆட்களுக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப்போகிறேன். மண்ணில் புதைத்திருக்கும் கூப்பன் தகட்டில் ரீடிங் எடுத்து முடித்ததும் ஸ்விட்சைத் திரும்பப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இதை இப்படி ஒரு வரியில் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஆற்றங்கரை நீரேற்று நிலையத்திலிருந்து மைசூருக்குக் குடிநீர் கொண்டுவரும் இரும்புக் குழாய் ஒன்று எங்கள் பொறுப்பில் இருந்தது. மண்ணுக்குள் போன இரும்பு சும்மா கிடக்காது. என்னதான் மேலே பூச்சு பூசினாலும் எங்காவது ஒரு கீறல் இருக்கும், அங்கே துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைத் தடுக்கத்தான் குழாய்க்கு இடைவிடாமல் கொஞ்சம் மின்சாரம் கொடுக்கிறோம். அதைக் கொடுக்கும் ரெக்டிஃபையர் ஒரு கரும்பு வயலோரம், தகரக் கொட்டகைக்குள் இருந்தது. குழாய் போகும் வழி நெடுகச் சின்னக் கம்பங்கள் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெட்டி, அதற்குள் குழாயிலிருந்து வரும் ஒயர். மீட்டரின் ஒரு முனையை அந்த ஒயரில் மாட்டி, மறுமுனையில் இருக்கும் மயில்துத்தக் கரைசல் குப்பியை ஈர மண்ணில் அழுத்தினால், குழாய் பத்திரமாக இருக்கிறதா என்று மீட்டர் ஓர் எண்ணில் சொல்லிவிடும்.

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த எண் நம்மை ஏமாற்றும். மண்ணின் பங்கும் அதில் கலந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்திய அந்த ஒரு கணத்தில் தெரியும் எண்ணைத்தான் நம்பலாம். ஆகவே அந்தக் காலத்தில் இது இரண்டு பேர் செய்யும் வேலை. ஒருவர் கொட்டகையில் நின்று மின்சாரத்தை நிறுத்த வேண்டும், இன்னொருவர் கம்பத்தடியில் மீட்டரைப் பார்க்க வேண்டும். கம்பத்தடியில் நான் இருப்பேன். கொட்டகையில் மாதேஸ்வரன்.

மாதேஸ்வரன் தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து ராமாபுரத்துக்காரர். என்னைப் போலவே டிப்ளமா படித்துவிட்டு, என்னைவிட இரண்டு வருடம் முன்பு வேலைக்கு வந்தவர். மனைவி, பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். மேலுக்கோட்டையிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. அதனால்தான் அந்த மலையின் பெயரான யதுகிரியையே எனக்கும் வைத்தார்கள். ஆபீஸ் முழுக்கக் கன்னடம். தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான், அந்த இரண்டு தமிழும் ஒரே தமிழ் இல்லை. என் தமிழில் பாதிக்குக் கன்னடம் வந்து கலந்திருக்கும். அவர் வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போடாமல் மூச்சுவிட மாட்டார்.

முதலில் வாக்கி டாக்கி, பிறகு செல்போன். நான் "ரெடி" என்பேன். அவர் "ஆஃப்" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். அவர் குறித்துக்கொண்டு, "ஆன் பண்ணிட்டனுங்க, அடுத்த கம்பத்துக்குப் போங்க" என்பார். அடுத்த கம்பம் தூரத்தில் இருக்கும். வரப்பில் நடக்க வேண்டும், முள்வேலி தாண்ட வேண்டும், நாய் துரத்தும். அந்த நடையில்தான் எங்கள் பேச்செல்லாம்.

"ஏனுங்க மேடம், மூச்சு வாங்குதுங்களா?"

"இல்லை, சும்னே நடக்கறேன். சேறு காலை இழுக்கறது. உங்களுக்கென்ன, நிழல்ல உக்காந்துண்டு பேசறேள்."

"நெழலுங்களா? தகரத்துக்கடியில வந்து உக்காந்து பாருங்க, ரொட்டி சுட்டு எடுத்துரலாமுங்க."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். அவர் பெண்ணுக்குக் கணக்கு வரவில்லை என்பதும், என் அம்மா மாத்திரையைத் துப்பிவிடுகிறாள் என்பதும், மேலதிகாரி முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்பதும் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே பேசி முடித்த விஷயங்கள். வருடக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தோம் என்று சொல்கிறேனே, சேர்ந்து என்றால் எப்போதும் பல கிலோமீட்டர் தள்ளி. முகத்தைப் பார்த்தது குறைவு. குரலைத்தான் எனக்குத் தெரியும். ஜலதோஷம் பிடித்திருந்தால், அவர் சொல்கிற "ஆஃப்"பிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

நீங்கள் என்ன யோசிக்கிறீர்கள் என்று புரிகிறது. அப்படி எதுவும் இல்லை. ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ரீடிங் எடுக்கும் நாள் என்றால் காலையில் எழும்போதே எனக்கு மனசு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் கூப்பன் வந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அது என்ன செய்கிறது என்பதை மறந்ததால்தான் இந்தக் கதையே. குழாய் எந்த இரும்போ அதே இரும்பில் ஒரு சின்னத் தகடு. பூச்சு கிடையாது. அதைக் குழாயின் பக்கத்தில் புதைத்து, ஓர் ஒயரை மேலே கொண்டுவந்து, கம்பத்துப் பெட்டியில் ஒரு ஸ்விட்ச் வழியாகக் குழாயோடு சேர்த்துவிடுவோம். ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை குழாய்க்குக் கிடைக்கும் பாதுகாப்பு தகட்டுக்கும் கிடைக்கும். குழாயின் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்துக்கு என்ன ஆகுமோ, அது தகட்டுக்கும் ஆகும். ஸ்விட்சை ஒரு கணம் அணைத்தால் கம்பத்தடியிலேயே அந்த நம்பகமான எண் கிடைத்துவிடும். சில வருடம் கழித்துத் தகட்டைத் தோண்டி எடுத்துக் கண்ணாலும் பார்க்கலாம். கொட்டகையில் ஆள் வேண்டாம். ஒருவரே போதும்.

நல்ல ஏற்பாடு. தொழில் தெரிந்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. "இது வந்தா எனக்கு இங்க வேலை இருக்காதுங்க" என்று மாதேஸ்வரன் சிரித்துக்கொண்டே சொன்னார். தகடுகளைப் புதைக்கும் பொறுப்பையும் எங்கள் இருவருக்கே கொடுத்தார்கள்.

அந்தச் சில வாரங்கள்தான் நாங்கள் முதன்முறையாக ஒரே இடத்தில் நின்று வேலை செய்தது. காண்டிராக்டர் ஆட்கள் சுத்தமான ஆற்று மணலைக் கொண்டுவந்து குழியில் கொட்டப் பார்த்தார்கள். வேலை சுலபம் என்று. மாதேஸ்வரன் குழியின் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். "கொழாயி எந்த மண்ணுல கெடக்குதோ அதே மண்ணத்தானுங்க போடோணும். இதுக்கு மட்டும் மெத்தை போட்டுப் படுக்க வெச்சா, அது எப்படிங்க கொழாயோட கஷ்டத்தச் சொல்லும்?" நானும் அவர் பக்கம் நின்று கத்தினேன். தோண்டிய மண்ணையே கல் பொறுக்கிப் போட்டு இறுக்கினோம். மத்தியானம் புங்க மரத்தடியில் என் புளியோதரை அவருக்குப் போகும், அவர் கொண்டுவரும் ராகிக் களியும் கீரையும் எனக்கு வரும். எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. இது எங்கள் இருவருக்குமே வேடிக்கையாக இருந்தது. கையில் போன் இருந்தால் பேசலாம் போல.

கடைசித் தகடு மண்ணுக்குள் போனது. அடுத்த மாதம் அவரைப் பெல்லாரிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். என் சர்வீஸிலேயே நான் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்த வாரங்களில்தான், அந்த வாரங்களில் நாங்கள் செய்த வேலையும் அவரை அனுப்பிவைக்கும் வேலைதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

போன் செய்திருக்கலாம். எண் இருந்தது. ஆனால் என்ன பேசுவது? எங்கள் பேச்சு எப்போதும் இரண்டு ரீடிங்குக்கு நடுவே நடந்த பேச்சு. ரீடிங் இல்லாமல் அவரோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போல. வருடங்கள் போயின.

கூப்பன்களைப் படிக்கும் வேலைக்கு நஞ்சுண்டசாமி என்று ஒருவர் வந்தார். ஒழுங்கானவர். மாதா மாதம் ரீடிங் தவறாது, எண்கள் எல்லாம் நன்றாகவே இருக்கும். சிக்கனத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. வராந்தாவில் நடந்துபோனால் ஆளில்லாத அறைகளில் எல்லாம் நுழைந்து ஃபேனையும் விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் போவார். ஆள் இருக்கிற அறையிலும் சில சமயம் அணைத்துவிடுவார்.

ஒரு கோடையில், தகடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஒன்றைத் தோண்டி எடுத்தோம். அதைக் கையில் வாங்கி மண்ணைத் துடைத்தேன். தகடு முழுக்கக் குழி குழியாக அரித்திருந்தது. எண்கள் நன்றாக இருக்கின்றன, தகடோ இப்படி. சரி, இன்னொரு கம்பத்தில் பார்ப்போம் என்று தோண்டினோம். அதுவும் அப்படியே இருந்தது.

அப்போது எங்கள் தலைமைப் பொறியாளராக இருந்தவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்ததற்குக் காரணமும் இருந்தது. தகடு இப்படி என்றால் குழாயின் கீறல்களும் இப்படித்தான் இருக்கும், எந்த நேரமும் எங்காவது உடைத்துக்கொண்டு பீறிடலாம். உடைவதற்கு முன் நாமே லைனை மூடி, அந்த நீளம் முழுவதையும் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தார். நடுக்கோடையில் அந்த லைனை மூடினால் பழைய ஊர் பூராவும் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நிற்க வேண்டும். தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டில் பூ மேல் தெளிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. மூடாமல் விட்டு உடைந்தாலோ, இதைவிட மோசம். மறுநாள் சாயங்காலத்துக்குள் மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாக் குழப்பத்திலும் பழி போட ஒரு ஆள் தேவைப்படுவான் அல்லவா? தகடுகளைப் புதைத்தது யார் என்று கேட்டார்கள். நானும் மாதேஸ்வரனும் என்றேன். என்னை விட்டுவிட்டார்கள், காகிதத்தில் நான் மேற்பார்வை என்று. "இன்ஸ்டலேஷன் சரியில்லை" என்று மாதேஸ்வரன் பெயரில் எழுதுவதாக ஏற்பாடு. நேரில் வந்து விளக்கம் சொல்லும்படி பெல்லாரிக்குத் தகவல் போனது. அவர் ரிடையர் ஆகக் கொஞ்ச காலம்தான் பாக்கி. அந்தக் கறையோடு அவர் வீட்டுக்குப் போவதா என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

அன்று மத்தியானம் இரண்டு தகடுகளையும் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் சரியில்லையா? மண்ணைத்தான் காலை நீட்டிக் காப்பாற்றினாரே அந்த மனுஷர். ஒயர் அறுந்துவிட்டதா? அறுந்தால் எண் நன்றாக வராதே. நஞ்சுண்டசாமி உள்ளே வந்தார், சாவிக் கொத்தை மாட்டினார், திரும்பிப் போகும்போது என் தலைக்கு மேல் ஓடிய ஃபேனை அணைத்தார்.

"நஞ்சுண்டசாமி! நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன்!" என்று கன்னடத்தில் கத்தினேன்.

"க்ஷமிஸி மேடம், கை பழக்கம்" என்று திரும்ப ஓடிவந்து போட்டார்.

ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. நான் அதையே பார்த்தேன். பிறகு அவரை உட்காரச் சொல்லிக் கேட்டேன். கம்பத்துக்குப் போனதும் என்ன செய்வீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

அவர் பெருமையாகச் சொன்னார். போனதும் பெட்டியைத் திறந்து ஸ்விட்சைப் போடுவார். கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று பக்கத்தில் எங்காவது டீ குடித்துவிட்டு வருவார். பிறகு மீட்டரை மாட்டி, ஸ்விட்சை அணைத்து, எண்ணைப் படிப்பார்.

"அப்புறம்?"

"அப்புறம் பெட்டியைப் பூட்டிட்டு வந்துடுவேன் மேடம்."

"ஸ்விட்ச்?"

"அதான் அணைச்சாச்சே. அடுத்த மாசம் வரை யாரும் படிக்கப் போறதில்லையே, எதுக்கு சும்மா ஓடணும்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தகடு என்பது அவருக்கு அளக்கும் கருவி, அளக்காதபோது அணைத்து வைக்க வேண்டியது. அவர் டீ குடிக்கும் நேரம் மட்டும் அந்தத் தகடுகள் குழாயோடு சேர்ந்திருந்தன. அந்த நேரத்துக்குள் தேறி, நல்ல எண் காட்டின. மற்ற நாட்களெல்லாம் ஈர மண்ணில் துணையில்லாமல் கிடந்து அரித்துப் போயிருக்கின்றன. அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த நாங்கள் யாரும், அது எதற்காக அங்கே கிடக்கிறது என்று அவருக்குச் சொன்னதில்லை. உங்களுக்குக் கீழே வேலை செய்ய ஆள் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனேன். வெளியே பெஞ்சில் மாதேஸ்வரன் உட்கார்ந்திருந்தார். ராத்திரி பஸ்ஸில் வந்த சட்டை கசங்கியிருந்தது. மீசை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன். சாப்பிட்டேளா?"

"ஆச்சுங்க."

அவ்வளவுதான் வந்தது. நேரில் பார்த்தால் எங்களுக்குப் பேச்சு வராது என்று சொன்னேன் அல்லவா? உள்ளே போனேன்.

நஞ்சுண்டசாமியின் ஸ்விட்ச் விஷயத்தைக் கன்னடத்தில் சொன்னேன். தலைமைப் பொறியாளர் கேட்டுக்கொண்டார். அவர் அடுத்துக் கேட்ட கேள்விக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். "சரிம்மா. தகடு ஏன் கெட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு. குழாய் நல்லா இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. தகடுகள் தனியாகக் கிடந்திருந்தால், அவை குழாயைப் பற்றி நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. இத்தனை வருட எண்களும் வீண். நெருக்கடியில் நாம் செய்யும் பெரிய தப்பு இதுதான்: கெட்ட செய்தி பொய் என்று தெரிந்த உடனே நல்ல செய்தி வந்துவிட்டதாக நினைத்துக் கையைத் தட்டிவிடுவோம். நானும் அந்தச் சந்தோஷத்தில்தான் அறைக்குள் நுழைந்திருந்தேன். நின்ற இடத்திலேயே யோசித்தேன்.

"பழையபடி குழாயிலேயே நேரா ரீடிங் எடுக்கறேன் சார். கொட்டகையில ஒருத்தர் நிறுத்தணும், கம்பத்துல ஒருத்தர் பாக்கணும். எண் சரியா இருந்தா அங்கேயே ஒரு குழி தோண்டி, பூச்சுல கீறல் இருக்கற இடத்தைக் கண்ணால பாத்துடலாம்."

மின்சாரத்தைத் தானாக நிறுத்தி நிறுத்திப் போடும் பெட்டி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது பழுது பார்க்கப் போயிருந்தது. "கொட்டகைக்கு யாரை அனுப்பறது?" என்றார் அவர்.

"வெளியே பெஞ்சுல இருக்கார்."

"அவர் மேலதானே புகார்?"

"அவர் ஸ்விட்சைத்தான் தொடப்போறார் சார். எண் என் மீட்டர்ல வரும். நீங்க என் பக்கத்துல நின்னு பாருங்கோ."

அவரும் வந்தார். தகட்டைத் தோண்டி எடுத்த முதல் கம்பத்துக்குப் போனோம். மாதேஸ்வரன் கொட்டகையில் இறங்கிக்கொண்டார். குப்பியை மண்ணில் அழுத்தினேன். ஒயரை மாட்டினேன். போனைக் காதில் வைத்தேன். மீட்டரை இறுக்கிப் பிடித்தேன். எண் எப்படி வருமோ என்கிற பயம் பாதி, மீதி வேறு.

"ரெடி" என்றேன்.

"ஆஃப்."

அதே குரல், அதே அழுத்தம். கண்ணில் நீர் முட்டியது, மீட்டர் மங்கலாகத் தெரிந்தது. அந்த ஒரு கணத்தை விட்டால் எண் போய்விடும், அழ நேரமில்லை. படித்தேன். குழாய் நன்றாக இருந்தது. தலைமைப் பொறியாளர் மீட்டருக்குள் தலையை நுழைக்காத குறையாகப் பார்த்தார். இரண்டாவது கம்பத்திலும் நன்றாக இருந்தது. அங்கேயே குழி தோண்டி, பூச்சு பெயர்ந்த இடம் ஒன்றைத் தேய்த்துப் பார்த்தோம். இரும்பு சுத்தமாக இருந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "லைனை மூட வேண்டாம். நான் போய்ச் சொல்லிடறேன். மாதேஸ்வரன் பேப்பரையும் கிழிச்சுப் போட்டுடறேன்" என்று ஜீப்பில் ஏறினார். "நீ வரலியா?"

"மத்த கம்பங்களையும் பாத்துட்டு வரேன் சார். உறுதிக்கு."

தொழில் தெரிந்த யாரும் சொல்வார்கள், அது போதும். இன்னும் ஒன்றிரண்டு கம்பம் பார்த்தால் தாராளம். நான் வழி நெடுக எல்லாக் கம்பங்களையும் பார்த்தேன். போகப் போக அந்தத் தகடுகளின் ஸ்விட்சுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வரப்புகளில் பாதி வீட்டு மனைகளாகிவிட்டிருந்தன. நாய்கள் மட்டும் அதே போல் துரத்தின.

"ஏனுங்க மேடம், மூச்சு வாங்குதுங்களா?"

"வயசாச்சு மாதேஸ்வரன். வாங்காதா? உங்க பொண்ணு கணக்குல தேறினாளா?"

"அவ இப்ப பேங்க்ல வேலைங்க! ஊரு காசையெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கறா."

என் அம்மா போய்விட்டதைச் சொன்னேன். "மாத்திரையத் துப்பிப்போடுவாங்களே" என்றார் அவர். நான் அவரிடம் என்றோ சொன்ன விஷயம். என் சொந்தக்காரர்கள் யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுத் தலைமைப் பொறியாளர் என்னை எல்லோர் முன்னிலும் பாராட்டினார். சொன்னதைவிட அதிகமாகச் செய்த ஊழியர் என்று. இன்றும் பயிற்சி வகுப்புகளில் அதை ஓர் உதாரணமாகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சொல்லட்டும். முழுமையாகச் செய்வதில் தப்பில்லை. ஆனால் ஒருவர் ஒரு வேலையை ஏன் அத்தனை முழுமையாகச் செய்தார் என்பதை ரிப்போர்ட்டில் தேடாதீர்கள்.

மாதேஸ்வரன் அன்றே பெல்லாரி பஸ் ஏறினார். நல்ல பெயரோடு ரிடையர் ஆனார். இப்போது ராமாபுரத்தில் இருக்கிறார், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினார், நான் வாழ்த்து அனுப்பினேன். எண் இன்னும் போனில் இருக்கிறது. சில காலை நேரங்களில், இன்று ரீடிங் நாள் என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். அப்புறம்தான் ஞாபகம் வருகிறது.

அந்த நாளின் கடைசிக் கம்பத்தோடு முடித்துக்கொள்கிறேன். ஊர் எல்லையில், ஒரு லாரி ஒர்க் ஷாப்பின் பின்புறம் இருந்தது அது. வெயில் சாய்ந்துவிட்டது. எண்ணைச் சொன்னேன், தகட்டின் ஸ்விட்சைப் போட்டேன், மீட்டரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"ஆய்த்து மாதேஸ்வரன். இதான் கடைசி."

"ஆன் பண்ணிட்டனுங்க."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இன்னொரு கம்பம் இருக்கக்கூடாதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"மேடம்."

"சொல்லுங்கோ."

"கடைசி நம்பரு எனக்குச் சரியாக் கேக்கலீங்க. இன்னொருக்கா எடுத்துரலாமுங்களா?"

லைன் தெளிவாக இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் கரும்புச் சோகை உரசுகிற சத்தம்வரை எனக்குக் கேட்டது. பையைத் திறந்து மீட்டரை மறுபடி எடுத்தேன். குப்பியை மண்ணில் அழுத்தினேன்.

"ரெடி" என்றேன்.